மணலும் ஓலையும் இருக்கையும்
காவிரி நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் கற்றவை

திருச்சபைப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் தலைமையாசிரியர் அறிக்கை வாசிக்கையில், பிள்ளைகள் கற்கும் பாடங்கள் வரிசையாகச் சொல்லப்படும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றோடு இசை, ஓவியம், உடற்பயிற்சி, கணினி முதலிய தனிப்பாடங்களும் இப்போது இடம்பெறுகின்றன. பெற்றோர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி தகுதியானதே. எனினும், ஒரு பாடம் ஏன் கற்பிக்கப்படுகிறது, அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமற் போகிறது என்னும் வினாக்களை அவ்வறிக்கைகள் எழுப்புவதில்லை. தஞ்சை வளநாட்டுப் பள்ளிகளின் பழைய வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

முதற்கண் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நோக்குவோம். அங்கே சேர்ந்த சிறுவன் முதலில் மணலில் விரலால் எழுத்துகளை எழுதினான்; கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் பெற்றான். அரிச்சுவடிக்குப் பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற நீதி நூல்களை மனப்பாடம் செய்தான். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். கணக்குப் பாடமோ மிகக் கடுமையானது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியவற்றை உரத்த குரலில் நாள்தோறும் ஒப்புவிக்க வேண்டும். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி என்பது 80-இல் ஒரு பங்கு. மா என்பது 20-இல் ஒரு பங்கு. இத்தகைய கீழ்வாய்க் கணக்குகள் பத்து வயதுச் சிறுவனின் நாவில் தங்குதடையின்றி வந்தன.

இவ்வளவு நுட்பமான பின்னங்கள் சிறுவனுக்கு எதற்கு என்று நாம் வியக்கலாம். காவிரி பாயும் நாட்டின் வாழ்வே அதற்கு விடை. நிலம் குழியாலும் மாவாலும் வேலியாலும் அளக்கப்பட்டது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. நெல், படியாலும் மரக்காலாலும் கலத்தாலும் அளக்கப்பட்டது. 12 மரக்கால் ஒரு கலம். மிராசுதாரரின் ஊர்ப் பங்குகள் பின்னங்களாகவே கணக்கிடப்பட்டன. ஆகவே நெல்லிலக்கமும் குழிமாற்றும் அறிந்தவனே கணக்குப்பிள்ளையாகலாம். நிலமும் நெல்லும் தன் கையைவிட்டுப் போகாமல் காத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பாடம் களத்துமேட்டிலிருந்து பிறந்த பாடமாகும்.

சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டபோது, தஞ்சை மாவட்டத்தில் 884 பள்ளிகள் இருப்பதாக அறிக்கை வந்தது. ஐரோப்பியர் வருமுன் இங்கே கல்வியே இல்லை என்னும் கூற்று எவ்வளவு பொய் என்பதற்கு இத்தொகையே சான்று. சென்னையில் 1789 முதல் 1796 வரை ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய அந்திரேயா பெல் என்னும் குருவானவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கையாண்டார்; மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அம்முறை இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் மற்றொருவர் என்று வரலாற்றை எளிதாகப் பிரித்துவிட முடியாது.

ஆயினும் அந்தத் திண்ணையில் யார் அமர்ந்தனர்? பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் எட்டாத உயரமாகவே இருந்தது. பெண்பிள்ளைகளில் மிகச் சிலரே அங்கே கற்றனர். நடவு நட்டுக் கதிர் அறுத்தவர் தம் கூலி நெல்லைப் பிறர் அளந்து கொடுக்கப் பெற்றுக்கொண்டனர். அளவு சரியா என்று எண்ணிப் பார்க்கும் கல்வி அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. நெல்லிலக்கம் ஒருவனுக்குக் கருவியாகவும் மற்றொருவனுக்கு மதிலாகவும் நின்றது.

இனித் தரங்கம்பாடிக்கு வருவோம். 1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்க் ஐயரும் புளுச்சோ ஐயரும் அங்கே கரையிறங்கினர். சீகன்பால்க் தமிழ் கற்ற விதம் நம் சிந்தனைக்குரியது. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணாக்கரானார். அப்பிள்ளைகள் ஓதிய நீதி நூல்களைப் புறக்கணிக்காமல், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

1707-இல் தொடங்கிய மிஷன் பள்ளிகளில் பெண்பிள்ளைகளும் இடம் பெற்றனர். எழுத்தும் கணக்கும் ஞானோபதேசமும் பாட்டும் கற்பிக்கப்பட்டன. 1713-இல் அச்சகம் இயங்கத் தொடங்கி, 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. இதனால் ஓலையோடு தாளும் பள்ளிக்குள் வந்தது. திருமறையைத் தாமே வாசிக்கவேண்டும் என்னும் நோக்கம், எழுத்தறிவைச் சிலருடைய தொழிற்கருவி என்னும் நிலையினின்று எல்லாருடைய உரிமை என்னும் நிலைக்கு உயர்த்த முற்பட்டது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பாடங்கள் மேலும் விரிந்தன. தரங்கம்பாடியில் தாக்டர் ஜான் ஐயர் சங்கு சிப்பிகளையும் மீன்களையும் சேகரித்து ஆராய்ந்தார். ரொட்லர் ஐயர் செடிகொடிகளை ஆராய்ந்தார். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயர், அரசவையில் ஆங்கிலப் பிரதிநிதியாயிருந்த ஜான் சலிவனின் துணையோடு, 1785-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற உதவினார். அவரிடம் பயின்ற இரண்டாம் சரபோஜி மன்னர், 1798 முதல் 1832 வரையிலான தம் ஆட்சியில் பள்ளிகளையும் நூலகத்தையும் பேணி வளர்த்தார்.

இக்கல்வியின் சிறந்த கனி வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்து வந்தார். தரங்கம்பாடியிலும் பயின்று திரும்பியபின் அவர் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். கணிதமும் பூகோளமும் வானசாஸ்திரமும் அவருக்குப் பாடப்பொருளாயின. சூரியனைச் சுற்றிக் கோள்கள் சுழலும் செய்தியைப் பெத்லகேம் குறவஞ்சியில் தமிழ்ப் பாட்டாகவே அமைத்தார். அறிவியலும் இசையும் வேதமும் ஒரே ஆசிரியரிடம் ஒன்றாய்க் கூடின.

ஆனால் நாம் மறைக்கலாகாத மறுபக்கம் ஒன்று உண்டு. தரங்கம்பாடி ஆலயத்தில் சாதிக்கேற்பத் தனித்தனி இடங்களில் சபையார் அமர்ந்தனர். அப்பிரிவினை பள்ளிகளிலும் புகுந்தது. 1820-களில் இதை நீக்க முற்பட்ட இளம் மிஷனெரிமாரை எதிர்த்து எழுதியவர்களுள் வேதநாயக சாஸ்திரியாரே முதன்மையானவர். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் ஒழிக்க வேண்டுமென ஆணையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுண்டது. பூமி அண்டத்தின் நடுவில் இல்லை என்று பாடிக் காட்டிய பேராசான், தம் குலம் ஊரின் நடுவில் இல்லை என்பதை ஏற்க இயலாதவராயிருந்தார். அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. நம்மையே நாம் ஆராயும்பொருட்டு எழுதுகிறோம்.

பாடப்பட்டியலில் எழுதப்படாத பாடம் ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் நடைபெறுகிறது. அது இருக்கைப் பாடம். யார் முன்னே, யார் பின்னே, யார் வெளியே என்பதைப் பிள்ளைகள் எண்சுவடியைவிட விரைவாகக் கற்றுக்கொள்கின்றனர். வாழ்நாள் முழுதும் மறப்பதுமில்லை. மிஷன் பள்ளிகள் திண்ணையின் வாயிலைப் பலருக்குத் திறந்தன. அதற்காகக் கடவுளைத் துதிப்போம். ஆனால் உள்ளே வந்த பிள்ளைகளை ஒரே பாயில் அமரச் செய்வதற்கு நூற்றாண்டுக்கு மேல் தயங்கினோம். அதற்காக மனம் வருந்துவோம்.

இன்று நம் பள்ளிகளில் இசையாசிரியரும் ஓவிய ஆசிரியரும் கணினியும் வந்துள்ளமை நன்றே. ஆயினும் தனிக்கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் இசை, நகரப் பள்ளிக்கு மட்டும் கணினி, விவசாயக் கூலியின் பிள்ளைக்கு எழுத்து மட்டும் என்னும் நிலை ஏற்படுமானால், நாம் மதிலைப் புதுப்பிக்கிறவர்களாவோம். நம் ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை எடுத்துச் சீடர்களின் நடுவே நிறுத்தினார், ஓரத்தில் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு விழா அறிக்கையில் பாடங்களை வரிசைப்படுத்தும்போது, அந்த நடுவிடத்தில் நம் பள்ளி எந்தப் பிள்ளையை நிறுத்தியது என்பதையும் ஒரு வரி எழுதுவோமாக.