சட்டம் பார்க்காத சவ்வு

தாம்பரம் தாண்டிப் பொத்தேரி வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலை ஒரு தேசிய நெடுஞ்சாலை. இத்தகைய சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே நகரப் பகுதிகளுக்கு அது தளர்ந்தது. அந்த உத்தரவுக்குக் காரணம் சாலை விபத்து. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியபோது ஏழைக் குடும்பத்தின் கூலிப்பணம் கண்முன் நின்றது. 1971-இல் அதைத் தளர்த்தியபோது அரசின் கருவூலம் நின்றது. குடித்தவரின் இரைப்பை எந்தக் கட்டத்திலும் விவாதத்தின் நடுவுக்கு வரவில்லை. இந்த விடுபடல் சிறியதல்ல என்பதே என் வாதம். 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. சாராயம் இடையில் கொஞ்ச காலம் திரும்பிவந்து போனது; கள்ளுக்கான தடை இன்றும் நீடிக்கிறது. 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால் உள்ள கள் சட்டத்துக்கு வெளியே போக, 42.8 சதவீதமுள்ள பிராந்தியும் ரம்மும் சட்டத்துக்கு உள்ளே நின்றன.

இரைப்பை தன் அமிலத்தாலேயே அரிக்கப்படாமல் இருப்பதற்கு அதன் உட்சவ்வின் மேல் படரும் சளிப்படலமும், சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகும் செல்களுமே காரணம். வெறும் வயிற்றில் 'ராவாக' இறங்கும் கடும் மது அந்தப் படலத்தைக் குலைக்கிறது; அமிலம் உள்ளே கசிகிறது, சவ்வு சிவந்து புண்ணாகிறது. ஒருநாள் புண்ணைச் சவ்வு தானே ஆற்றிக்கொள்ளும். தினமும் குடிப்பவருக்கு ஆறுவதற்கே அவகாசம் இல்லை. 1822-இல் குண்டடிபட்டு வயிற்றில் திறப்போடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இரைப்பையை வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ஆண்டுக்கணக்கில் நேரில் பார்த்து, 1833-இல் நூலாக்கினார். செயின்ட் மார்ட்டின் சில நாள் தாராளமாகக் குடித்தபின் சவ்வு சிவந்து புண்பட்டிருந்தது. அவருக்கோ வலியே தெரியவில்லை. 'இத்தனை வருஷமாகக் குடிக்கிறார், நன்றாகத்தானே இருக்கிறார்' என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

வயிற்றுப்புண் கிருமியால் வருகிறது என்று 1982-இல் மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் கண்டார்களே, 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்களே என்று கேட்கலாம். உண்மைதான், நாள்பட்ட குடற்புண்ணுக்கு அந்தக் கிருமியும் வலி மாத்திரைகளுமே முதன்மைக் காரணங்கள். ஆனால் மது ஏற்படுத்தும் சவ்வு அரிப்புக்குக் கிருமி தேவையில்லை. குடித்த மறுநாள் உடம்புவலிக்கு மாத்திரையும் விழுங்கினால் இரண்டு சேதமும் ஒன்றாகச் சேர்கின்றன. கடும் மதுதான் சிக்கல் என்றால், கள்ளுக்கடையைத் திறந்தால் போதுமா? அதுவும் தீர்வாகாது. நொதித்த பானங்கள் அமிலச் சுரப்பைத் தூண்டுபவை. தினசரி மிதமிஞ்சிய குடியில் கள்ளும் பாதுகாப்பல்ல. 2023 மே மாதம் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தபோது அரசு உடனே விழித்தது. உரிமம் பெற்ற குப்பி மெல்லச் செய்யும் சேதத்துக்கும் அந்த விழிப்பு வேண்டும். உங்கள் வீட்டில் தினமும் குடிப்பவர் ஒருவர் இருந்து, அவருக்கு மலம் தார்போல் கறுத்தாலோ காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, அது உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.