ஏலத்தில் நண்பர்கள் கைகோர்க்கலாமா? – ஒரு மார்க்க விளக்கம்



மணலூர்பேட்டையில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கும் அவருடைய நண்பர்கள் மூவருக்கும் பழைய தச்சுக் கருவிகளைச் சேர்ப்பதில் ஆர்வம். வெளியூரில் மறைந்த ஒரு தச்சரின் பட்டறைப் பொருட்கள் ஏலத்துக்கு வருகின்றன. பழைய இழைப்புளிகள், உளிகள், கொட்டாப்புளி, ரம்பங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. "நாங்கள் நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஏத்திக் கேட்டால் விலைதான் ஏறும். அதனால் ஒருத்தர் மட்டும் கேட்கிறது, மத்தவங்க சும்மா இருக்கிறது, பிறகு எங்களுக்குள்ளே பிரிச்சுக்கிறது என்று பேசி வைத்திருக்கிறோம். இது கூடுமா ஹஜ்ரத்?" என்பது கேள்வி.

கேட்பதற்குச் சிறிய விஷயம் போலத் தெரியும். நண்பர்கள் விட்டுக்கொடுத்துப் போவது நல்ல குணம்தானே என்றும் தோன்றும். ஆனால் இதே கேள்விதான் விளைபொருள் ஏலத்திலும், பேரூராட்சிக் குத்தகையிலும், பள்ளிவாசல் கடை வாடகையிலும் வேறு உருவத்தில் வருகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நபிகளார் நடத்திய ஏலம்

ஏலம் மார்க்கத்தில் கூடும். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெறும் செய்தி இதற்கு முக்கிய ஆதாரம். உதவி கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு முரட்டு விரிப்பும் ஒரு குவளையும் மட்டுமே இருந்தன. அவற்றை வரவழைத்து, வாங்குவோர் யார் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹமுக்குக் கேட்டார். அதைவிடக் கூடுதலாகத் தருவோர் உண்டா என்று நபியவர்கள் மீண்டும் கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹமும் எங்கே போயின என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று வீட்டாரின் உணவுக்கு. மற்றொன்று ஒரு கோடரி வாங்க. அந்தக் கோடரிக்கு நபியவர்களே தம் கையால் காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படி அனுப்பினார்கள். பதினைந்து நாட்கள் கழித்து அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

இதை திர்மிதீ இமாம் 'ஹஸன்' என்று தரப்படுத்தியிருக்கிறார்கள். அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று சொன்ன அறிஞர்களும் இருக்கிறார்கள். எனினும் ஏலமுறை கூடும் என்பதே பெரும்பான்மை ஃபுகஹாக்களின் முடிவு. போரில் கிடைத்த பொருட்களை அதிகம் தருபவருக்கு விற்பதில் மக்கள் குறை காணவில்லை என்று அதா (ரஹ்) கூறியதை புகாரீ இமாம் தம் நூலில் எடுத்தெழுதியுள்ளார்கள்.

இப்போது ஒரு நிமிடம் யோசித்துப் பார்ப்போம். அந்தச் சபையில் இரண்டாவது ஸஹாபி, "நண்பர் கேட்டுவிட்டார், நாம் ஏன் ஏற்ற வேண்டும்?" என்று பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு திர்ஹம்தான் கிடைத்திருக்கும். உணவு வந்திருக்கும்; கோடரி வந்திருக்காது. அந்த ஏழையின் பிழைப்புக்கு வழி திறந்தது இரண்டாவது திர்ஹம். நம் கேள்வி முழுவதும் அந்த இரண்டாவது திர்ஹமைப் பற்றியதுதான்.

விலையை ஏற்றும் கூட்டு: நஜ்ஷ்

நண்பர்கள் ஏலத்தில் சேர்ந்து செய்யும் தவறுகளில் எல்லோருக்கும் தெரிந்தது, வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவது. விற்பவருக்கு வேண்டியவர் கூட்டத்தில் நின்று, "நான் ஐயாயிரம்", "நான் ஆறாயிரம்" என்று கேட்டு அடுத்தவரைச் சிக்க வைப்பார். இதற்கு அரபியில் 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

ஷாஃபிஈ மத்ஹபில் இது ஹராம். ஆனாலும் அந்த வியாபாரம் செல்லும். ஹனஃபி மத்ஹபில், பொருள் அதன் உரிய விலையை எட்டிய பின்பும் இப்படி ஏற்றுவது மக்ரூஹ். ஹன்பலி மத்ஹபில், பெரிதாக ஏமாற்றப்பட்ட வாங்குபவர் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை பெறுகிறார். 1993 ஜூனில் புருனேயில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், ஏலம் கூடும் என்று தீர்மானித்த அதே தீர்மானத்தில் நஜ்ஷ் ஹராம் என்று உறுதி செய்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு நெருக்கமாகவே வருகிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவுப்படி, விற்பவர் போலிக் கேட்பு மூலம் விலையை உயர்த்தியிருந்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம்.

விலையை இறக்கும் கூட்டு: சிண்டிகேட்

நம் சகோதரர் கேட்டது இதற்கு நேர் எதிரானது. வாங்குபவர்கள் கூடிப் பேசி விலையை ஏறவிடாமல் அமுக்குவது. ஊரில் இதை 'சிண்டிகேட்' என்கிறார்கள்.

கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். ஓர் அரிய இழைப்புளிக்கு நால்வரில் ஒருவர் 9,000 ரூபாய் வரையும், இன்னொருவர் 8,000 வரையும், மற்ற இருவர் அதற்குக் கீழும் தரத் தயாராக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையாகப் போட்டியிட்டால் விலை 8,000ஐ ஒட்டி நிற்கும். ஆனால் மூவர் வாய்மூடி நிற்க, ஒருவர் மட்டும் கேட்டதால் 2,000க்கு முடிகிறது. பிறகு தேநீர்க் கடையில் நால்வரும் உட்கார்ந்து தங்களுக்குள் மீண்டும் ஏலம் விடுகிறார்கள். அங்கே அதே பொருள் 8,000க்குப் போகிறது. மிச்சமான 6,000 ரூபாயை ஆளுக்கு 1,500 என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

அந்த 6,000 யாருடைய பணம்? நால்வரில் எவரும் அதற்காக உழைக்கவில்லை. அது விற்றவருக்குச் சேர வேண்டியது. தேநீர்க் கடையில் நடந்த இரண்டாவது ஏலமே அந்தப் பொருளின் உண்மை விலைக்குச் சாட்சி.

"விற்றவர் சம்மதித்துத்தானே கொடுத்தார்?" என்று கேட்கலாம். வியாபாரம் இருதரப்பின் மனநிறைவோடு இருக்க வேண்டும் என்று அல்குர்ஆன் (4:29) வலியுறுத்துகிறது. ஆனால் அவர் சம்மதித்தது, கூடியிருந்தவர்கள் உண்மையாகப் போட்டியிட்டு இந்த விலைதான் வந்தது என்று நம்பி. அந்த நம்பிக்கையே பொய்யாக்கப்பட்டபோது மனநிறைவு எங்கே இருக்கிறது?

இமாம்கள் வகுத்த எல்லை

கிராமத்திலிருந்து சரக்கோடு வருபவரை, அவர் சந்தைக்கு வந்து விலை தெரிந்துகொள்ளும் முன்பே வழியில் மடக்கி வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்த பின் வியாபாரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை பெறுகிறார் என்று முஸ்லிமில் உள்ளது. விலை அறியாத விற்பனையாளரையும் ஷரீஅத் பாதுகாக்கிறது என்பதற்கு இது சான்று. சந்தைக்காரர்கள் கூடிப் பேசி ஒரு பொருளுக்கு விலை ஏற்றாமல் இருந்து, பிறகு அதைப் பங்கிட்டுக்கொள்வது, இப்படி வழியில் மடக்கி வாங்குவதைவிடவும் அதிகத் தீங்கு தரக்கூடும் என்று இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதியுள்ளார்கள்.

மாலிகி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் இதில் நுட்பமான ஒரு கோடு போடுகின்றன. ஏலத்துக்கு வந்திருப்பவர்களில் ஒருவரிடம், "மச்சான், இதை எனக்கு விட்டுக்கொடு" என்று கேட்பது கூடும். ஆனால் எல்லோரிடமும் அப்படிக் கேட்பது கூடாது. ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் கேட்பார்கள்; விற்பவருக்கு வாசல் திறந்தே இருக்கும். எல்லோரும் விலகினால் வாசல் அடைபடுகிறது. அப்படி நடந்துவிட்டால், பொருள் கைவசம் இருக்கும்வரை திரும்பப் பெறும் உரிமை விற்றவருக்கு உண்டு. பொருள் கைமாறிப் போயிருந்தால், விற்ற விலை, உண்மை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அது அவருக்குச் சேரும் என்பதும் அம்மத்ஹபின் சட்டம்.

இந்த அளவுகோல் நடைமுறைக்கு மிகவும் பொருந்தும். ஐம்பது பேர் கூடும் ஏலத்தில் இரு நண்பர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதால் விற்பவருக்குப் பெரிய பாதிப்பு இல்லை. பழைய தச்சுக் கருவிகளின் மதிப்பு தெரிந்தவர்கள் அந்த ஏலத்தில் நான்கே பேர் என்றால், அந்த நால்வர்தான் சந்தை. அவர்கள் கூடிப் பேசினால் சந்தையே இல்லாமல் போகிறது.

கூடும் வழிகள்

நண்பர்கள் சேரவே கூடாது என்பதல்ல. பங்காளிகள் ஒருவருக்கொருவர் துரோகம் செய்யாதவரை அல்லாஹ்வின் உதவி அவர்களோடு இருக்கிறது என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. கீழ்க்காணும் வழிகள் கூடும்:

1. உண்மையான கூட்டு. தனியாக வாங்க வசதியில்லாத பெட்டி முழுவதையும் நால்வர் பணம் போட்டு வாங்குவது. இதனால் ஏலத்தில் ஒரு புதிய கேட்பாளர் உருவாகிறார், விற்பவருக்கும் நன்மைதான்.

2. பிரதிநிதியாகக் கேட்பது. வர முடியாத நண்பருக்காக, அவர் சொன்ன விலை வரை கேட்பது.

3. தேவையை மதித்து விலகுவது. ஒருவருக்கு உளிதான் வேண்டும், இன்னொருவருக்கு ரம்பம்தான் வேண்டும் என்றால், வேண்டாததைக் கேட்காமல் இருப்பது குற்றமல்ல. கேட்டாக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை.

4. வெளிப்படையாகச் சொல்வது. "நாங்கள் நால்வரும் சேர்ந்து கேட்கிறோம்" என்று ஏலம் விடுபவரிடம் முன்பே தெரிவிப்பது. அவர் விரும்பினால் குறைந்தபட்ச விலை வைத்துக்கொள்வார்.

பிரிட்டனில் 1927இல் ஏல ஒப்பந்தங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஏலத்தில் கேட்காமல் இருப்பதற்காக வியாபாரிகள் அடுத்தவருக்குப் பணம் கொடுப்பதை அது குற்றமாக்கியது. ஆனால் உண்மையான கூட்டுக் கொள்முதல் என்றால், எழுத்து ஒப்பந்தத்தின் நகலை ஏலம் விடுபவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் குற்றமில்லை என்று விலக்கும் அளித்தது. மறைப்புக்கும் வெளிப்படைக்கும் உள்ள வித்தியாசம் அங்கும் உணரப்பட்டிருக்கிறது.

நம் வட்டாரத்தில் இதன் பாரம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரவேலையே பிழைப்பான குடும்பங்கள் நம்மைச் சுற்றி வாழ்கின்றன. ஒரு கைவினைஞர் மறைந்தால் அவருடைய உளிப்பெட்டி சில வேளை குடும்பத்தின் கடைசிச் சொத்தாக இருக்கும். முஸ்லிம் குடும்பமானால் அது வாரிசுகளின் பங்கு. அதில் பருவமடையாத பிள்ளைகளின் பங்கும் இருக்கலாம். அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்களுக்கு அல்குர்ஆன் (4:10) விடுக்கும் எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பது நாம் அறிந்ததே. சகோதர சமயத்தவர் வீட்டுப் பொருளானாலும் சட்டம் இதுவே. அமானிதத்தில் மதப் பாகுபாடு இல்லை.

கள்ளக்குறிச்சி, அரகண்டநல்லூர் போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு விவசாயிகள் மூட்டைகளைக் கொண்டு வருகிறார்கள். வாங்குவோர் வட்டத்தை விரிவாக்கத்தான் 2016 ஏப்ரல் 14 அன்று தேசிய மின்னணு வேளாண் சந்தை தொடங்கப்பட்டது. வியாபாரிகள் முன்பே பேசிவைத்து விலை எழுதினால், ஒரு போகத்தின் உழைப்பு அடிமாட்டு விலைக்குப் போய்விடும். பேரூராட்சி ஏலத்தில் சிண்டிகேட் அமைத்தால் ஊர்ப் பணம் குறைகிறது. பள்ளிவாசல் கடையைப் பேசிவைத்துக் குறைந்த வாடகைக்கு எடுத்தால் வக்ஃபுக்கு நஷ்டம்.

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், ஒரே தொழிலில் உள்ளவர்கள் கூடி ஏலத்தையோ டெண்டரையோ வளைப்பதைத் தடை செய்கிறது. இந்திய உணவுக் கழகத்தின் டெண்டரில் மூன்று நிறுவனங்கள் ஒரே விலையைக் குறிப்பிட்ட வழக்கில், அவை கூட்டுச் சதி செய்ததை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பொழுதுபோக்காகக் கருவி சேர்க்கும் நண்பர்கள் அந்தச் சட்டத்தில் சிக்காமல் போகலாம். மறுமையின் கணக்கு அதைவிட நுணுக்கமானது.

ஜரீர் (ரலி) காட்டிய வழி

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹமுக்குப் பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதைவிட மதிப்புள்ளது என்று விற்பவரிடம் தாமே சொல்லி, விலையைப் படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் செய்த பைஅத்தைக் காரணமாகக் காட்டினார்கள். தப்ரானீ இமாமின் இந்த அறிவிப்பை நவவீ இமாம் முஸ்லிம் விரிவுரையில் குறிப்பிடுகிறார்கள்.

அந்த உயரத்தை எல்லோரும் எட்ட முடியாது. லாபம் பார்த்து வாங்குவது ஹலால்தான். குறைந்தபட்சம் விற்பவரின் வாசலை அடைக்காமல் இருக்கலாமே!

ஏற்கெனவே இப்படிச் செய்தவர்கள் தவ்பாவோடு, அந்த வித்தியாசத் தொகையை விற்றவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ சேர்க்க வேண்டும். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் அவர்கள் பெயரால் ஸதகா செய்துவிட வேண்டும். விற்கும் குடும்பத்தாரும், பொருள் தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் மதிப்பு கேட்டு, குறைந்தபட்ச விலை வைத்து, பலருக்கும் அறிவித்த பின் ஏலம் விடுவது நல்லது.

கேள்வி கேட்ட சகோதரருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "நீங்கள் நால்வரும் பேசி வைத்ததை அந்தத் தச்சரின் வீட்டாரிடம் நேரில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் சொல்லிவிட்டுச் சேர்ந்து வாங்குங்கள். முடியாது என்றால் தனித்தனியாகக் கேளுங்கள்." அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "முடியாது ஹஜ்ரத், தனியாகவே கேட்டுக்கொள்கிறோம்" என்றார்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கி, பிறர் உரிமை நம் கையில் தங்கிவிடாமல் காத்தருள்வானாக! ஆமீன்.