உருவமும் பொருளும்: கோட்டாலும் வண்ணத்தாலும் படந்தேடிய வரலாறு

சொற்களின் துணையின்றிப் படங்களைத் தேடிப் பெறமுடியுமா என்னும் வினா கணினியியலாளரின் தொழினுட்ப வினாவாகவே பெரிதும் கருதப்படுகின்றது. ஆயின் அதன் வரலாற்றை நோக்குமிடத்து, கலையிலக்கியத் திறனாய்வு நெடுங்காலமாக விவாதித்துவரும் உருவம், உள்ளடக்கம் பற்றிய பிரச்சினையே அங்கு வேறொரு கோலத்தில் எழுந்துள்ளமை புலனாகும்.

படமொன்றைத் தேடுவதற்கு அதனோடு இணைக்கப்பட்ட சொற்களே முன்னர் வழியாக இருந்தன. ஓவியரின் பெயர், தலைப்பு, காலம், பொருள் ஆகிய அச்சொற்களின் பின்னால் ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பட்டியலிட்ட ஊழியரின் உழைப்பு இருந்தது. இலக்கமுறைப் படங்கள் பெருகத் தொடங்கியபோது அவ்வுழைப்பு செலவும் தாமதமும் மிக்கதாகத் தோன்றிற்று. அதனைத் தவிர்க்கும் வேட்கையே புதிய ஆய்வுகளின் உந்துசக்திகளுள் ஒன்றாயிற்று.

1991இல் சுவெயின், பலார்ட் ஆகிய இருவரும் படமொன்றிலுள்ள வண்ணங்களின் பரம்பலைக் கணக்கிட்டு, அதனைப் பிற படங்களின் பரம்பல்களோடு ஒப்பிடும் முறையை வெளியிட்டனர். 1992இல் யப்பானிய ஆய்வாளர் காற்றோ, பயனர் வரைந்துகாட்டும் கோட்டுச் சித்திரத்தைக் கொண்டு வணிகச் சின்னங்களையும் ஓவியங்களையும் தேடும் முறையை விளக்கினார். ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடென் ஆய்வுநிலையம் 1993இல் அறிமுகப்படுத்திய 'கியூபிக்' என்னும் முறைமை வண்ணம், இழையமைப்பு, வடிவம் ஆகிய மூன்றையும் ஒன்றிணைத்தது. இம்முயற்சிகள் 'உள்ளடக்கவழித் தேடல்' எனப் பெயர்பெற்றன. அவை உண்மையில் நோக்கியது உருவத்தையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1999இல் ருஷ்யாவின் ஹேர்மிற்றேஜ் அருங்காட்சியகம் தனது இணையத்தளத்தில் கியூபிக் முறைமையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஓவியரின் பெயரறியாதாரும் வண்ணங்களைத் தெரிந்தோ, வண்ண வடிவங்களை வெற்றுத் திரையில் அடுக்கியோ ஓவியங்களைத் தேடமுடிந்தது. பட்டியலின் மொழியையும் கலைவரலாற்றுக் கல்வியையும் முன்நிபந்தனையாகக் கோராத இவ்வழியில் ஒரு ஜனநாயகக் கூறு இருந்ததை மறுத்தல் இயலாது.

எனினும் அதன் எல்லையும் அங்கேயே வெளிப்பட்டது. அவ்வருங்காட்சியகத்திலுள்ள மத்தீசின் 'நடனம்' என்னும் 1910ஆம் ஆண்டு ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். நீலமும் பச்சையும், அவற்றின்மேல் சிவந்த உருவங்களும் இத்தகைய பொறிக்குப் புலப்படும். அவ்வுருவங்கள் ஆடுகின்றன என்பது புலப்படாது. மொஸ்கோவின் துணிவணிகர் சுக்கினின் மாளிகைக்கென வரையப்பட்ட அவ்வோவியம் 1918இல் தேசியமயமாக்கப்பட்டு மக்களின் உடைமையாயிற்று என்பதையோ எவ்வண்ணக் கணக்கும் கூறாது. பொறி காண்பதற்கும் மனிதர் உணர்வதற்கும் இடையிலான இத்தூரத்தை ஆய்வாளர்கள் 'பொருண்மை இடைவெளி' என்றனர்.

அவ்விடைவெளியைக் குறுக்கியது கணிதம் மட்டுமன்று. 2009இல் வெளியான 'இமேஜ்நெற்' தரவுத்தொகுதி பின்னர் 1 கோடியே 40 இலட்சம் படங்களளவில் வளர்ந்தது. அப்படங்களுக்குரிய பெயர்களைச் சரிபார்த்தோர், அமேசன் நிறுவனத்தின் இணையச் சந்தையில் துண்டுவேலைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட, பல நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரவர். அத்தொகுதியில் பயிற்றப்பட்ட நரம்பு வலையமைப்பு 2012இல் பெற்ற வெற்றியே பிற்காலப் படந்தேடலின் திருப்புமுனை. கோட்டுச் சித்திரத் தேடலும் இதற்கு விலக்கன்று. 2016இல் அதற்கென உருவாக்கப்பட்ட ஒரு தரவுத்தொகுதியின் 75,000க்கு மேற்பட்ட சித்திரங்கள் இத்தகைய இணையத் தொழிலாளரைக் கொண்டே வரைவிக்கப்பட்டன.

ஆகவே, பட்டியலிடும் ஊழியரை அகற்றப் புறப்பட்ட தொழினுட்பம், அவரினும் பன்மடங்கான, பெயர் தெரியாத, துண்டுக்கூலி பெறும் ஊழியர்மீது வந்து நின்றது. உருவத்திலிருந்து பொருள் தானாகப் பிறப்பதில்லை. சமூகத்தில் வாழும் மனிதரே அதற்குப் பொருளூட்டுகின்றனர். பொறி இன்று 'பார்க்கின்றது' எனக் கூறுவோர், அதற்குப் பார்க்கக் கற்பித்த உழைப்பையும் சேர்த்தே வரலாறு எழுதுதல் வேண்டும்.