உறுதியில்லா நிலம்

எமது பிரதேசத்தின் வரலாற்றை எழுத முனைவோர் குளத்தையும் வயலையும் பள்ளிவாசலையும் மறப்பதில்லை. மாட்டுப்பட்டிக்கு மட்டும் அதில் இடம் கிடைப்பது அரிது. இதற்கு ஒரு காரணம் உண்டு. வயலுக்கு உறுதி இருக்கிறது, ஒப்பம் இருக்கிறது. வழக்குப் பேசக் காகிதம் இருக்கிறது. மேய்ச்சல் தரைக்கோ வழக்கம் ஒன்றுதான் உறுதி.

அம்பாறைக் கரையோரத்தில் பட்டி வைத்திருந்தோரில் சோனகரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர். மாரி மழையோடு பெரும்போக வேளாண்மை விதைப்பானதும் மாடுகளை மேற்கே காட்டோரப் புற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வார்கள். அறுவடை முடிந்ததும் அவை வயலுக்குத் திரும்பும். வெட்டிய தாளை மேய்ந்து, இரவில் அடைபட்ட இடத்துக்கு எருவைக் கொடுக்கும். சேறு மிதிக்கவும் சூடு மிதிக்கவும் எருமை வேண்டும். ஆகவே வயற்காரனுக்குப் பட்டிக்காரன் தேவைப்பட்டான். பட்டிக்காரனுக்கு வயல் தேவைப்பட்டது. உழவு இயந்திரமும் உர மூட்டையும் வந்தபின் இந்தத் தேவை ஒருபக்கமாயிற்று. மாடு வரம்பை உடைக்கும் பிராணியாக மட்டுமே வயற்காரன் கண்ணில் பட்டது.

சட்டம் அதற்கு முன்பே பட்டிக்காரனைக் கைவிட்டிருந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படாதவரை, முடிக்குரியவை என்றது. உழுதவன் தன் உழைப்பைக் காட்டலாம். மேய்த்தவன் எதைக் காட்டுவது? புல் வளர்வதும் மாடு தின்பதும் பயிர்ச்செய்கையாக எண்ணப்படவில்லை. தலைமுறைகளாக மேய்ந்த தரையும் ஏட்டில் வெறும் நிலமாயிற்று. வெறும் நிலமென்று எழுதப்பட்டதை எவருக்கும் கொடுக்கலாமல்லவா?

அப்படித்தான் கொடுக்கப்பட்டது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டது. மேற்கே குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. ஹிங்குராணையைச் சுற்றிக் கரும்பு வந்தது. திட்டத்தால் எமது வயல்களுக்கும் நீர் கிடைத்தது என்பதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் அதே நீர் சிறுபோகத்தையும் பரப்பியது. மாடுகள் இறங்கி மேய்ந்த இடைக்காலம் அங்கே சுருங்கியது. மேற்கிலும் இடமில்லை, கிழக்கிலும் இடமில்லை.

எஞ்சிய தரைக்கு நேர்ந்ததை ஆசிரியன் என்ற முறையில் கொஞ்சம் விளக்கலாம். முன்னர் பத்துப் பட்டி பரந்து மேய்ந்தது குறுகிய இடத்தில் நெருங்கி மேய்ந்தால், நல்ல புல் விதை கொட்டுமுன்னே கடிபட்டுவிடும். மாடு தொடாத செடி மட்டும் விதைத்துப் பெருகும். நாயுண்ணிப் பற்றை தரையை மூடும். குளம்படியில் இறுகிய மண்ணில் மழைநீர் ஊறாமல் ஓடிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். மாட்டுக்கு அங்கே தீனி இல்லை.

தீனி குறைந்தால் முதலில் வற்றுவது பால். நாட்டு மாடு நல்ல நாளிலேயே லீற்றர் கணக்கில் கொட்டித் தருவதில்லை. அதில் கன்றுக்கு விட்டு மிஞ்சியதுதான் தயிர்ச் சட்டியாகி அன்றாடச் செலவுக்குக் காசாகும். வயற்காரனுக்குப் பணம் போகத்துக்கு ஒருமுறை. பட்டிக்காரன் வீட்டில் அடுப்பெரிவது அன்றைய பாலில். பால் வற்றினால் நாகை விற்பார்கள். நாகை விற்றவனுக்கு அடுத்த ஆண்டு கன்று ஏது? இப்படித்தான் பட்டி தேய்கிறது. சுயமாய் மேயும் மாடு முப்பதானால் ஸக்காத் கடமையாகும். அந்தக் கணக்கைப் பற்றி மஸ்அலா கேட்டு வருவோர் எங்களூரில் இன்று யார்?

போர்க்காலத்தில் மேற்குக் காடுகளுக்குப் போவதே உயிராபத்தாயிற்று. 2009 இல் போர் முடிந்ததும் தரை திரும்பிவிடும் என்றே பலரும் நம்பினர். சில இடங்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள் அவர்களை எதிர்கொண்டன.

எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். வட்டமடுவில் நீண்டகாலமாகத் தொடரும் பிணக்கில் மேய்ச்சல் தரை கேட்போர் தமிழ்ப் பண்ணையாளர். வயற்காணி கேட்போர் பெரும்பாலும் முஸ்லிம் விவசாயிகள். இருதரப்பும் ஏழைகளே. அதை இனப்பிணக்காக மட்டும் படிப்பவர்கள், மயிலத்தமடு, மாதவணைத் தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர் தொடங்கிய போராட்டத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். ஏர் பிடித்தவரின் இனம் இடத்துக்கிடம் மாறுகிறது. தரையை இழப்பவர் எங்கும் மாடு மேய்ப்பவரே.

பழைய மாட்டுவழிகளையும் தண்ணீர் காட்டிய மடுக்களையும் பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்கள் எங்களூரில் இன்னும் நால்வர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்வதை உயர்தர வகுப்பு மாணவர்களைக் கொண்டு வரைபடமாகக் குறித்து வருகிறேன். இதுவரை பதினொரு மடுக்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அவற்றுள் மூன்று இன்று வயல்.