இரும்புத் துகள் மருந்தான வரலாறு

இரும்பு ஆக்சைடு என்றதும் நம் நினைவுக்கு வருவது துரு. அதன் நானோ துகள்களுக்கு மருத்துவத்தில் ஒரு வரலாறு உண்டு. அதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

1957-ல் அமெரிக்காவில் கில்கிறிஸ்ட் குழுவினர், நிணநீர் முடிச்சுகளில் இத்துகள்களைச் சேர்த்து, மாறும் காந்தப்புலத்தால் சூடேற்றிப் புற்றுநோயை அழிக்கலாம் என்றனர். அடுத்த ஆசை, மருந்தைத் துகளில் ஏற்றிக் காந்தத்தால் கட்டிக்கு இழுப்பது. அப்படிச் செய்தால் முடி உதிர்தல், வாந்தி போன்ற பக்கவிளைவுகள் குறையும் அல்லவா? ஜெர்மனியில் 14 நோயாளிகளிடம் எபிரூபிசின் மருந்துடன் இதைச் சோதித்து, 1996-ல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையை நோயாளிகள் தாங்கிக்கொண்டனர். ஆனால் துகள்களில் கணிசமானவை கல்லீரலுக்குப் போய்விட்டன. அந்நியப் பொருளை விழுங்குவது அங்குள்ள செல்களின் வேலை.

இந்தக் குறையே வேறிடத்தில் பயன்பட்டது. துகள்களை விழுங்கிய நல்ல கல்லீரல் எம்.ஆர்.ஐ. படத்தில் கருமையாகத் தெரியும். விழுங்கும் செல்கள் இல்லாத கட்டி வெளுப்பாகத் தனித்துத் தெரியும். இதற்கான மருந்துக்கு 1996-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. பின்னர் அதன் விற்பனை நின்றுபோனது.

2009-ல் ஃபெருமாக்சிடால், சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு மருந்தாக வந்தது. உடல் இத்துகளைச் சிதைத்து இரும்பை எடுத்துக்கொள்கிறது. கடும் ஒவ்வாமை குறித்து 2015-ல் எச்சரிக்கையும் கடுமையாக்கப்பட்டது.

காந்தத்தால் மருந்தை இழுக்கும் முறை மட்டும் இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. மருந்தைச் சுமக்க நினைத்த வண்டியே மருந்தாகிவிட்டது!