சிட்னி – லண்டன் வான்வழி

ஆஸ்திரேலியாவின் சிட்னியையும் இங்கிலாந்தின் லண்டனையும் இணைக்கும் நெடுந்தூர விமானத் தடம். பல ஊர்களில் இறங்கி ஏறித் தத்தித் தத்திச் சென்றதால் ‘கங்காரு வழி’ என்று பெயர் பெற்றது. நேர்த்தூரம் ஏறத்தாழ 17,000 கி.மீ. இத்தடத்தின் பயண நேரத்தைத் தீர்மானித்ததில் வேகத்தைவிட எரிபொருளுக்கே பெரும்பங்கு உண்டு.

1919 நவம்பர் 12 அன்று ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரு மெக்கானிக்குகளுடன் ‘விக்கர்ஸ் விமி’ விமானத்தில் லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பி, 28 நாளில் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வினை எட்டினர். 1935இல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் சேர்ந்து லண்டன் – பிரிஸ்பேன் பயணிகள் சேவையைத் தொடங்கின. பயணம் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. அதிலும் பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை ரயிலில்தான் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரியில், வழியிலிருந்த சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் தடம் அறுந்தது. அடுத்த ஆண்டு, பெர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே ‘கேட்டலினா’ நீர் விமானங்கள் பறக்கத் தொடங்கின. சுமார் 5,600 கி.மீ. தூரம் கடல்தான், வழியில் இறங்க இடமில்லை. தொட்டிகளில் எரிபொருள் நிறைந்துவிட்டதால் மூன்று பயணிகளுக்கும் சிறிது தபாலுக்கும் மட்டுமே இடம். எதிரி ஒட்டுக்கேட்பான் என்று வானொலி மௌனம். இரவில் விண்மீன்களே வழிகாட்டி. மணிக்கு 200 கி.மீ. அளவிலான வேகத்தில் 27 முதல் 32 மணி நேரம் பறந்ததால், ஒரே பறப்பில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். பயணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழும் தந்தார்கள்! 1945 வரை 271 முறை கடந்தும் ஒரு விமானம்கூட விபத்துக்குள்ளாகவில்லை. இத்தடத்தின் வரலாற்றில் மிகத் துணிச்சலான அத்தியாயம் இதுதான்.

போருக்குப் பின், 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸின் ‘கான்ஸ்டலேஷன்’ சிட்னியிலிருந்து டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நான்கு நாள் பயணமாக லண்டன் புறப்பட்டது. 1959இல் வந்த ஜெட் விமானங்கள் நாள் கணக்கை மணிக் கணக்காக்கின.

1989 ஆகஸ்டில் போயிங் 747-400 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் வந்தது. அடர்த்தி கூடிய எரிபொருள் நிரப்பி, கட்டணப் பயணிகளே இல்லாமல் நிகழ்த்திய சாதனை அது, வணிகத்துக்கு உதவவில்லை. 2019 நவம்பரில் போயிங் 787 ஒன்று ஆய்வுப் பறப்பாக அதே தூரத்தை 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது. இரண்டும் லண்டனிலிருந்தே புறப்பட்டதைக் கவனிக்க வேண்டும்: உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று கிழக்கே போகிறவர்களுக்குத்தான் துணை.

பெர்த் – லண்டன் இடைநில்லாச் சேவை 2018 மார்ச்சில் தொடங்கியது: 14,498 கி.மீ., சுமார் 17 மணி நேரம். சிட்னியிலிருந்தே நேராகப் பறக்க, கூடுதல் எரிபொருள் தொட்டியுடன் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு 2022இல் குவாண்டாஸ் ஆர்டர் கொடுத்தது. ஓரிடத்தில் நின்று போகும் பயணத்தோடு ஒப்பிட்டால், இதில் மிச்சமாவது அதிகபட்சம் நான்கு மணி நேரம்.