தராசில் அமர்ந்த மருத்துவர்

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தராசைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் மரம் வெட்டி, பாலைச் சுமந்துவந்து நிறுப்பார்கள். கிராணி அந்த எடையைப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். பாலை நாள்தோறும் நிறுத்தோம். அதைச் சுமந்த உடம்பை எத்தனை முறை அளந்து பார்த்தோம்? மனிதன் தன் உடம்பை அளக்கத் தொடங்கிய வரலாற்றை இன்று காண்போம்.

இத்தாலி நாட்டில் சாந்தோரியோ என்றொரு மருத்துவர் இருந்தார். பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தம் எடையைப் பார்த்தார். உண்டதையும் குடித்ததையும் உடம்பிலிருந்து கழிந்ததையும் நிறுத்தார். பல ஆண்டுகள் இப்படிச் செய்து, 1614-இல் நூலாக வெளியிட்டார். உண்டதில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. நாடித்துடிப்பை அளக்க, ஊசல் கட்டிய கருவி ஒன்றையும் அவர் செய்தார்.

அடுத்து, பெல்ஜியம் நாட்டு வானியல் அறிஞர் கெத்தலே. வளர்ந்தவர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1832-இல் கணக்கிட்டார். கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுப்பதே அந்தக் கணக்கு. 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் இதற்கு ‘உடல் நிறைக் குறியீடு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 25-க்கு மேல் போனால் அதிக எடை என்பது பொதுவான அளவாயிற்று.

ஆனால் கெத்தலே அளந்தது ஐரோப்பியரை. நம் உடம்புக்கு அந்த எல்லை பொருந்துமா? உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2002-இல் சிங்கப்பூரில் கூடி இதை ஆராய்ந்தார்கள். ஆசியரில் பலருக்கு 25-ஐ எட்டுமுன்பே நீரிழிவும் இருதய நோயும் வரும் ஆபத்து கூடுகிறது என்று 2004-இல் வெளியான அறிக்கை கூறியது. ஆகவே நாம் 23-லேயே விழித்துக்கொள்ள வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்குக் குறியீடு 23.4. பழைய எல்லைப்படி அவருக்குக் கவலையில்லை. நமக்குரிய எல்லைப்படி எச்சரிக்கை. 18.5-க்குக் கீழே போனால் எடை போதாது.

வீட்டிலேயே தொடங்கலாம். தையல் நாடாவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை விட்டபின் அளவெடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது நல்லது. காலையில் எழுந்திருக்குமுன் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது வழக்கமாக 60 முதல் 100 வரை இருக்கும். வேகமாக நடந்து வந்தபின் துடிப்பு எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்றும் பாருங்கள். உடற்பயிற்சி கூடக்கூட, சீக்கிரம் தணியும்.

இந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். அடுத்த வீட்டாரோடு வேண்டாம். போன மாதத்து உங்களோடு. பாலின் எடை கிராணியின் புத்தகத்தில் ஏறியது. உங்கள் உடம்பின் கணக்கு உங்கள் கையாலேயே எழுதப்படட்டும்.